சூரிய மின்கலக் கணிப்பும் லினக்ஸ் தொகுப்பும்

சிலிக்கன் மின்கலத்தின் வெப்பநிலை ஒரு டிகிரி சென்டிகிரேட் உயருந்தோறும் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. கோடையில் சூரியத் தகடுகளைப் பராமரிக்கும் களப்பணியாளர் இதன் விளைவை நேரில் அறிவர். காரணத்தை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியருக்குக் கணிப்பு மென்பொருள் பெருந்துணையாகும். தகட்டின் கனம், அதில் சேர்த்த மாசணுக்களின் அளவு, வெப்பநிலை முதலியவற்றைக் கொடுத்தால், கிடைக்கக்கூடிய மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அது கணித்துக் காட்டும். விலையுயர்ந்த சோதனைச்சாலை இல்லாத கல்லூரிக்கு இது வரப்பிரசாதமே.

பெல்ஜியத்துக் கெண்ட் பல்கலைக் கழகத்தின் ஸ்காப்ஸ் என்னும் மென்பொருள் நம் நாட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றில் கையாளப்படுகிறது. அதற்கு விலை இல்லை. எனினும் அது விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. மூல நிரலும் பொதுவில் வழங்கப்படுவதில்லை. இலவசம் வேறு, திறமூலம் வேறு. உள்ளே நடக்கும் கணக்கைத் திறந்து பார்க்க இயலாதபோது, ஆசிரியர் விடையை மட்டுமே காட்ட முடியும். வழியைக் காட்ட முடியாது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான சோல்கோர் போன்றவை மூல நிரலுடனேயே கிடைக்கின்றன.

மூல நிரலை வெளியிட்டவுடன் பணி முடிந்ததென்று எண்ணுவோர் பலர். அதைக் கணிப்பொறியில் நிறுவ முற்படுவோர்க்கே உண்மை தெரியும். துணை நிரல்கள் பல வேண்டும். அவற்றின் பதிப்புகளும் ஒத்துப்போக வேண்டும். ஒரு நாள் முழுதும் முயன்று கைவிடும் ஆசிரியரைக் குறை கூறுவதற்கில்லை. லினக்ஸ் தொகுப்பிலேயே அது பொதியாக இடம்பெற்றால், ஒரே கட்டளையில் துணை நிரல்களோடு வந்து சேரும்.

1993-இல் தோன்றிய டெபியன் தொகுப்பில் இடம்பெறுவது எளிதன்று. புதியவர் தாம் ஆக்கிய பொதியை நேரே சேர்க்க இயலாது. உறுப்பினர் ஒருவர் அதைப் பரிசீலித்து முன்வைக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கோப்பின் ஆசிரியர் யார், உரிமம் யாது என்று ஆராய்வர். நிரல் எழுதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. சூரிய ஒளியின் நிறமாலை அட்டவணை, பொருள்களின் ஒளிவிலகல் எண்கள் ஆகியவை நிரலோடு சேர்ந்தே வரும். அவை எந்த நூலிலிருந்து, யார் அனுமதியோடு எடுக்கப்பட்டன என்று கேட்டால், எழுதியவருக்கே நினைவிராது. இதைச் சிவப்பு நாடா என்று சிலர் சலித்துக்கொள்வர். ஆனால் அட்டவணையின் மூலம் தெரியாத கணிப்பை விஞ்ஞானம் என்று எவ்வாறு ஏற்பது?

இவ்வுழைப்பின் பயன் டெபியனோடு நிற்பதில்லை. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. ஆயினும் பொதியாக்குவோரின் பணி ஆராய்ச்சிக் கட்டுரையாக எண்ணப்படுவதில்லை. பதவி உயர்வுக்கும் உதவுவதில்லை. 2015-இல் மத்திய அரசு வெளியிட்ட திறமூலக் கொள்கை அரசு நிர்வாக மென்பொருளைக் கருதியது. சூரிய சக்தி ஆராய்ச்சிக்கு மானியம் வழங்குவோர், நிரல் எழுதுவதற்கு மட்டுமன்றி அதைப் பொதியாக்கிப் பல்லாண்டு பராமரிக்கவும் ஒரு சிறு பங்கை ஒதுக்குவது அவசியம். டெபியனின் நிலைப்பதிப்பு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிவருகிறது. பொதியைச் செய்த மாணவர் அதற்குள் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவார். பிழை திருத்த ஆளில்லாத பொதியை அடுத்த பதிப்பிலிருந்து நீக்கிவிடுவர். ஆசிரியர் பாடத்தை நடத்த வரும்போது அது அங்கே இராது.