ஹார்ட்னர் போத்தலில் தமிழ் எங்கே?

திருகோணமலைக் கரையோரம் ஃபைபர் படகு திருத்துகிற இடங்களைப் பார்த்திருப்பீங்கள். ரெசின் ஒரு வாளியில, ஹார்ட்னர் ஒரு சின்னப் போத்தலில. அந்த ஹார்ட்னர் பெரும்பாலும் மெதில் எதில் கீற்றோன் பெரொக்சைட். ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அந்த நொடியே தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்க வேண்டும். அதையும் கோபால்ட் திரவத்தையும் ரெசின் இல்லாமல் நேரே கலந்தால் தீப்பிடித்து வெடிக்கலாம். இதெல்லாம் இரகசியமில்லை. உற்பத்தியாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளில் அச்சடிச்சே கிடக்கு. இங்கிலீசில.

ஐ.நா. 2003இல் வெளியிட்ட ஒழுங்குமுறைப்படி இந்தத் தாளுக்கு 16 பிரிவுகள். 4ஆவது முதலுதவி, 5ஆவது தீயணைப்பு, 6ஆவது கசிந்தால் என்ன செய்வது, 8ஆவது கையுறை, கண்ணாடி. வேலை செய்கிறவருக்கு உயிர்நாடி இந்த நாலும்தான். பெரிய வேலைத்தளங்களில் "தாள் இருக்கா?" எண்டு கேட்டா, "பைலில இருக்கு" எண்டு பதில் வரும். பைலுக்கா கண் எரியப்போகுது?

"தமிழில் குடுத்தாலும் அவங்களுக்கு விளங்காது" என்பது வழக்கமான சாட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரசாயனம் விற்கிற நாட்டின் அரசகரும மொழியில் தாளைக் கொடுப்பது சட்டம். சுமார் 13 இலட்சம் பேர் வாழும் எஸ்தோனியாவுக்கும் அதேதான். அங்க வாசிக்கிறவன் எல்லாரும் இரசாயனவியல் பட்டதாரியா? தமிழ் இங்கே அரசகரும மொழி. நமது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ 1942ஆம் ஆண்டினது, ஜப்பான் விமானங்கள் திருமலையில் குண்டு போட்ட அதே வருசம். திருத்தங்கள் வந்தாலும் அடித்தளம் அதுதான்.

அகராதியை வைத்து மாற்றினாலும் போதாது. சீமெந்து ஆலை உள்ள ஊர் இது. ஈரச் சீமெந்து கடும் காரம், தோலைச் சுடும். "கடுமையான தோல் எரிகாயங்களை ஏற்படுத்தும்" எண்டு எழுதினா யார் நம்புவார்? முதலில் வலிக்கவே வலிக்காதே! "வலிக்கேல்லை எண்டு விடாதேங்கோ, நனைஞ்ச களிசானை உடனே கழற்றிக் கழுவுங்கோ" என்று எழுத வேண்டும்.

தாள் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதும் உண்மை. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. கசிவும் கப்பலுக்குத் தெரிந்திருந்தது. கத்தாரின் ஹமாத், இந்தியாவின் ஹசிரா துறைமுகங்கள் அந்தக் கொள்கலனை இறக்க இயலாது என்றன. மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. கரையொதுங்கியதை ஆட்கள் வெறுங்கையால் அள்ளியதைச் செய்திகளில் பார்த்தோம். அறிவு கப்பலில் இருந்தது, கரையில் இருக்கவில்லை.

இதில் கலைப்பீடத்துக்கு என்ன வேலை எண்டு கேட்கிறவைக்கு: மொழிபெயர்ப்புப் பாடத்தில் புள்ளிக்காகச் சிறுகதை மாற்றுகிறோம், நல்லது. ஒரு தவணைக்கு ஆளுக்கொரு தாளின் அந்த நாலு பிரிவுகளை எடுங்கோ. இரசாயனவியல் படிக்கிற ஒருவரிடமும் படகு திருத்துகிற ஒரு அண்ணரிடமும் காட்டித் திருத்துங்கோ. வாசிக்க முடியாதவைக்குக் குரல்பதிவு, பக்கத்தில சிங்களம். முதலில் ஹார்ட்னர், அதிலும் முதலில் கண்.