நாற்காலியை நகர்த்த விடுங்கள்

பாரீசுக்குப் போய் வந்தவரிடம் "எத்தனை இடம் பார்த்தீர்கள்?" என்று கேட்பது நம் வழக்கம். என்னிடமும் கேட்டார்கள். "ஒருநாள் முழுக்க ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தேன்" என்றேன். பணத்தைத் தொலைத்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மாப்பிள்ளைக்கும் அதே வருத்தம்தான். "மாமா, அன்னிக்கு வெர்சாய் போய்ட்டு, சாயங்காலம் ஏபெல் கோபுரம் முடிச்சிடலாம்னு இருந்தேன்" என்றார். முடித்துவிடலாமாம்! கோப்பை முடிப்பதுபோல் ஊரை முடிக்க நான் இன்னும் பணியில் இல்லையே. லகூர்னேவில் ரயில் ஏறினால் மாறாமல் லுக்சம்பூர் நிலையத்தில் இறங்கலாம். என் மனைவி கட்டிய புளிச்சோற்றோடு காலை பத்து மணிக்கெல்லாம் நாங்கள் இருவரும் தோட்டத்துக்குள் இருந்தோம்.

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு இந்தத் தோட்டம் பார்க்காமலே பழக்கம். விக்தோர் உய்கோவின் 'லே மிசெராப்ல்' நாவலில் மரியுஸ் கொசேத்தை முதன்முதலில் பார்ப்பது இங்கேதான். மரி தெ மெதிசி ராணி 1612-இல் வாங்கிய நிலம். அவள் கட்டிய அரண்மனையில் இன்று செனட் சபை கூடுகிறது, தோட்டமும் அந்தச் சபைக்குச் சொந்தம். எண்கோணக் குளத்தில் பிள்ளைகள் கோலால் தள்ளிப் பாய்க்கப்பல் விடுகிறார்கள். மேட்டில் வரிசையாகக் கல் ராணிகள். ஒரு மூலையில் தேனீ வளர்ப்புப் பள்ளிகூட உண்டு, 1856-இல் தொடங்கியதாம்.

இதெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்தில் கிடைக்கும். நான் சொல்ல வந்தது நாற்காலியைப் பற்றி.

அங்கே பச்சை வண்ண இரும்பு நாற்காலிகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. கை வைத்தது, கை இல்லாதது, நன்றாகச் சாய்ந்துகொள்ளும்படி தாழ்ந்தது. எதுவும் தரையில் பதிக்கப்படவில்லை, சங்கிலியும் இல்லை. வேண்டியதை வேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். முதுகு வலிக்காரியான என் மனைவி தாழ்ந்த நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். வெயில் நகர நகர நாங்களும் நாற்காலிகளோடு நகர்ந்தோம். சதுரங்கம் ஆடுகிறவர்கள் பக்கம் ஒரு மணி நேரம், குளத்தோரம் இரண்டு மணி நேரம். சாப்பிட்டபின் அவள் ஒரு குட்டித் தூக்கமும் போட்டாள். ஒருவரும் வந்து எழுப்பவில்லை. அந்தியில் காவலர்கள் விசில் ஊதியபோதுதான் எழுந்தோம். "என்னங்க, நம்ம ஊர்ல இப்படி ஒரு நாள் உட்கார்ந்திருக்கோமா?" என்றாள்.

வெள்ளைக்காரன் ஊர் என்பதற்காகத் துதி பாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான புல்தரையில் கால் வைக்கக் கூடாது என்று அங்கேயும் பலகை உண்டு. ஒரு காலத்தில் அந்த நாற்காலிகளுக்கே வாடகை இருந்தது, அதை வசூலிக்கத் தனியாகப் பெண்கள் இருந்தார்கள். 'ஷேஸியேர்' என்று அவர்களுக்குப் பெயர். பின்னால்தான் இலவசமாயிற்று.

"நம்ம ஊரில் போட்டால் ஒரே ராத்திரியில் காணாமல் போகும் சார்" என்கிறார்கள். சரி, கல்யாணத்துக்கு ஐந்நூறு நாற்காலி வாடகைக்கு இறக்குகிறோமே, எத்தனை காணாமல் போகிறது? எண்ணி இறக்குகிறவன் எண்ணி ஏற்றிக்கொண்டு போகிறான். லுக்சம்பூரிலும் சுற்றிக் கம்பிவேலி இருக்கிறது, இரவில் கதவைப் பூட்டுகிறார்கள். நாமும் பூட்டத்தான் பூட்டுகிறோம். ஆனால் பல ஊர்களில் பட்டப்பகலில், வீட்டில் மின்விசிறிக்கடியில் கிழவன் வெந்து கிடக்கும் நேரத்தில் பூட்டுகிறோம். மரநிழல் மட்டும் உள்ளே யாருக்கோ காத்துக்கிடக்கும். காலையில் வேகமாக நடக்கிறவனுக்கும் மாலையில் ஊஞ்சல் ஆடுகிற பிள்ளைக்கும் பூங்கா உண்டு. சும்மா உட்கார வருகிறவன்மீதுதான் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தில் எனக்கும் பங்கு உண்டு. பணியில் இருந்தபோது பூங்கா ஒன்றுக்கு இருக்கை வாங்கும் கோப்பு என் மேசைக்கு வந்தது. நகரக்கூடிய இருக்கை களவு போகும், சாய்மானம் வைத்தால் வேலையற்றவர்கள் படுத்துத் தூங்குவார்கள், ஆகவே சாய்மானமில்லாத சிமென்ட் பெஞ்சே உகந்தது என்று குறிப்பு எழுதியவன் நான்தான். அழகாக எழுதியிருந்ததாக மேலதிகாரி பாராட்டினார். அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து, முதுகு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்த பெஞ்சுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. நண்பகலில் தோசைக்கல்போல் கொதிக்கும். என் மனைவியால் அதில் பத்து நிமிடம் தாங்க முடியாது. திண்ணை கட்டி வழிப்போக்கனை உட்காரவைத்த ஊரில் பிறந்தவன் எழுதிய குறிப்பு அது.

போன வாரம் மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி, அவளையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். வாசலிலேயே காவலாளி தடுத்துவிட்டார்.

"ஐயா, வெளி நாற்காலியெல்லாம் உள்ளே கொண்டுபோகக் கூடாதுங்க. ரூல் இருக்கு."

யார் எழுதிய விதி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாற்காலியை மதிலோரம் நடைபாதையில் விரித்து அவளை உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டேன்.