உருளைக்கிழங்கு வெந்த கப்பல் மணி

1836-ஆம் ஆண்டு வாக்கில் நியூசிலாந்தின் வடபகுதியில் பயணம் செய்த வில்லியம் கோலென்சோ என்ற கிறித்தவ ஊழியர், மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். உற்றுப் பார்த்தபோதுதான் அது உடைந்த மணியொன்றின் மேற்பகுதி என்று தெரிந்தது. சுற்றிலும் அவருக்குப் புரியாத எழுத்துகள் இருந்தன. புயலில் சாய்ந்த ஒரு பெருமரத்தின் வேரடியில் கிடைத்ததாக அந்த மக்கள் சொன்னார்கள். எழுத்துகள் தமிழ் என்பதும், முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அவை அறிவிக்கின்றன என்பதும் பின்னர் தெரியவந்தது. உறுதியாகச் சொல்ல முடிவது இவ்வளவுதான். அந்தக் கப்பல் எந்தத் துறையில் பாய் விரித்தது, அதுவே அந்தக் கரைக்கு வந்ததா, அல்லது மணி மட்டும் வேறு யார் கப்பலிலோ ஏறி வந்ததா என்பவை பற்றி ஊகங்கள் பல உண்டு. முடிவான சான்று எதற்கும் இல்லை.

தமிழில் கதை எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட விநோதக் கண்டெடுப்புகளை இன்னும் துணிந்து எடுத்தாள வேண்டும். எடுக்கும்போது விநோதத்தை ஓரமாக வைத்துவிட்டு, அது விடை சொல்லாமல் விட்ட கேள்வியைப் பற்றிக்கொள்ள வேண்டும். நம்மிடையே புதைபொருள் என்றாலே புதையல், சாபம், ஓலைச்சுவடியில் ஒளிந்திருக்கும் ரகசியம், நிலவறையைக் காக்கும் நாகம் என்று கதை ஓடிவிடுகிறது. அந்த வழியில் போனால் மணி வெறும் அலங்காரப் பொருளாகிவிடும். அதன் இடத்தில் ஒரு சிலையையோ செப்பேட்டையோ வைத்தாலும் கதை மாறாது. மணியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் வாழ்க்கையின் இரண்டு முனைகள் நமக்குத் தெரியும். ஒரு முனையில், தன் பெயரைத் தமிழில் பொறிக்கச் சொன்ன ஒரு கப்பல் உடைமையாளர். மறுமுனையில், அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல், படிக்கத் தேவையும் இல்லாமல், அதை அடுப்பில் ஏற்றிய பெண்கள். நடுவில் இருப்பது வெறும் மௌனம். கப்பல் எப்படிக் கரை ஒதுங்கியது என்று மட்டும் யோசிப்பவர் ஒரு புயல் காட்சி எழுதலாம். கரையில் காத்திருந்து, அந்தக் கப்பல் வராது என்பதை எந்த நாளில் ஒப்புக்கொள்வது என்று தெரியாமல் நின்ற குடும்பத்தைப் பற்றி யோசிப்பவருக்கு ஒரு நாவலே கிடைக்கும். அந்தப் பாத்திரத்தில் சமைத்த பெண்ணின் கண் வழியாகத் தொடங்கினால் அது இன்னொரு நாவல். ஆனால் மாவோரி மக்களின் வாழ்வை ஆழ்ந்து படித்த பிறகே ஒருவர் அதைத் தொட வேண்டும்.

இந்த முறை நமக்குப் புதியதும் அல்ல. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனை, அதாவது இராசராசனின் தமையன் ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சுட்டிக் கூறுகிறது. அந்தக் கல்வெட்டு கொலையைப் பற்றிச் சொல்வதற்காக வெட்டப்பட்டதல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. குற்றவாளிகள், அவர்களைச் சார்ந்தவர்கள் ஆகியோரின் உடைமைகளைக் கைக்கொள்வதும், அந்த நிலம் கைமாறுவதுமே அதன் விஷயம். ஓர் இளவரசனின் படுகொலை நிலக் கணக்கின் நடுவே வந்துபோகிறது. ஏன் கொன்றார்கள், எங்கே கொன்றார்கள், அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதற்கு அங்கே பதில் இல்லை. கல்கி தமது கதையை நட்டது அந்த இடைவெளியில்தான். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வாசகர்களைக் காத்திருக்க வைத்த பொன்னியின் செல்வன் நாவலின் மையம் அந்தக் கொலை. வந்தியத்தேவன் குதிரையில் அறிமுகமாகும் வீரநாராயண ஏரிக்கரையும் அந்தக் கல்வெட்டு இருக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரவிதாசன் என்ற பெயரைக் கல்கி கல்லிலிருந்து எடுத்தார். அவனுக்குள் எரிந்த பழியை அவரே உண்டாக்கினார். கல் சொன்ன இடத்தில் அதைக் கேட்டார், கல் பேசாத இடத்தில் தாம் பேசினார்.

கண்டுபிடிப்பு பழுதுபட்டாலும் சரியான கேள்வியைப் பிடித்த கதை பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் சான்று. 1877-இல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டதாகச் சொன்னார். இத்தாலிய மொழியில் இயற்கையான நீர்வழிக்கும் பொருந்தும் ஒரு சொல்லால் அவர் அவற்றைக் குறித்தார். ஆங்கிலத்தில் அது வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது. கால்வாய் என்றால் வெட்டியவர் இருக்க வேண்டும் அல்லவா? அமெரிக்கரான பெர்சிவல் லோவெல், வறண்டு வரும் கோளில் நீருக்காகப் போராடும் ஓர் அறிவுள்ள இனத்தையே கற்பித்துவிட்டார். இந்தப் பரபரப்பின் நடுவே 1898-இல் வெல்ஸின் செவ்வாய்ப் படையெடுப்பு நாவல் நூலாக வந்தது. 1965-இல் மரைனர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் கால்வாயும் இல்லை, வெட்டியவரும் இல்லை. ஆனாலும் நாவல் சாகவில்லை. செவ்வாயில் யார் இருக்கிறார்கள் என்பது வெல்ஸின் கேள்வியாக இருக்கவில்லை. டாஸ்மேனியாவின் பழங்குடிகளுக்கு ஐரோப்பியர் செய்ததை இன்னொருவர் வந்து லண்டனுக்குச் செய்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அவர் கேட்டது. நூலின் முதல் அத்தியாயத்திலேயே அந்த மக்களை அவர் நினைவூட்டுகிறார்.

இப்படிக் கண்டெடுப்புகளிலிருந்து கதை எழுதுவதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிகவும் கனமானது, கதை வரலாற்றைக் குழப்பிவிடும் என்பது. கவலை நியாயமானது. பொன்னியின் செல்வனில் வரும் நந்தினி கல்கியின் படைப்பு. ஆனால் அவளை உண்மையில் வாழ்ந்த பெண் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருந்தாலும், குழப்பம் எங்கே உண்மையில் ஆபத்தாகிறது என்று பார்க்க வேண்டும். 1864-இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிலேட்டர், மடகாஸ்கரில் லெமூர்களும் இந்தியப் பகுதியில் தேவாங்கு போன்ற அவற்றின் உறவினங்களும் வாழ்வதற்குக் காரணம் தேடி, இடையே மூழ்கிய ஒரு நிலம் இருந்திருக்கலாம் என்று கருதி அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் நகர்கின்றன என்பது உறுதியான பிறகு அறிவியலுக்கு அந்த நிலம் தேவைப்படவில்லை. நம்மிடமோ அது பழைய கடல்கோள் செய்திகளோடு இணைந்து, வரைபடம் போடும் அளவுக்கு வரலாறாகவே வேரூன்றிவிட்டது. அதைச் செய்தது நாவல் அல்ல. வரலாறு என்ற பெயரில் எழுதப்பட்ட ஊகம் அதைச் செய்தது. ‘இது நாவல்’ என்று அட்டையிலேயே சொல்லும் நூல் வாசகரிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. அதற்கு மேலும் ஒரு படி செல்லலாம்: எது கிடைத்தது, எது தம் கற்பனை என்று நூலின் கடைசியில் ஆசிரியர் இரண்டு பக்கம் எழுதிவிடலாம். பதிப்பாளர்கள் இதை வழக்கமாக்கிக்கொண்டால் வரலாற்று ஆய்வாளருக்கும் வருத்தமில்லை.

நல்ல கதை வாழ்ந்த வாழ்விலிருந்து வர வேண்டும், அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வராது என்று சொல்கிறவர்களும் உண்டு. நம் நவீன இலக்கியத்தின் பெரும்பகுதி சொந்த மண்ணின் அனுபவத்திலிருந்து விளைந்தது என்பதால் இந்த வாதத்துக்கு எடை இருக்கிறது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதும் யாரோ வாழ்ந்த வாழ்வுதான். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் கதீம் என்ற பழைய துறைமுகத்தில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் இருந்ததைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் ‘பானை ஒறி’ என்று படித்தார். அரசன் பெயர் இல்லை, வெற்றிச் செய்தி இல்லை. ஒறி என்பது வீட்டில் பால், தயிரைப் பூனைக்கு எட்டாமல் தொங்கவிடும் அதே உறி. தாய்மொழி பேசுபவர் சிலரே இருந்திருக்கக்கூடிய ஒரு பாலைநிலக் கரையில், அந்தச் சாதாரணச் சொல்லை ஒருவர் ஏன் எழுதி வைத்தார்? பண்டகசாலையில் தன் பானை பிறர் பானையோடு கலந்துவிடக் கூடாது என்றா? கூட இருப்பவனுக்குக் குறிப்பா? பிழைப்புக்காகக் கடல் கடந்து போய், பொதுச் சமையலறையில் தன் டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டுகிற தமிழர் இன்று எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுடைய அனுபவத்தை அறிந்த எழுத்தாளருக்கு அந்த ஓடு அந்நியமாகப் படாது. அனுபவம் இல்லாமல் அதைத் தொட்டால் கதை வறண்டுபோகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனவே அனுபவத்தையும் கண்டெடுப்பையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட கதைகளுக்கான மூலங்கள் தேடக் கிடைக்காதவையும் அல்ல. தொல்லியல் துறையின் நூல்களும் கல்வெட்டுத் தொகுதிகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன் என்று பெயர்கள் இருக்கின்றன. எத்தனை பழையவை, யாருடைய பெருமை என்று அவற்றைப் பற்றி நாம் உரத்துப் பேசுகிறோம். குவிரன் ஆதன் எப்படிப்பட்ட மனிதன், அந்தப் பானையில் என்ன வைத்திருந்தான் என்று கேட்க நமக்கு நேரம் வாய்க்கவில்லை. ஆய்வாளர் அதைக் கேட்க முடியாது. அவருடைய ஒழுக்கம் சான்றோடு நின்றுவிடும். கேட்க வேண்டியவர் கதாசிரியர்.

இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி வைக்கிறீர்கள், தீபாவளி மலருக்குக் கதை கேட்டு எழுதுகிறீர்கள். வரும் மலருக்குத் தலைப்பு எதுவும் கொடுக்காமல், அந்தச் செங்கடல் கரை ஓட்டின் படத்தையும் அதிலுள்ள ‘பானை ஒறி’ என்ற இரண்டு சொற்களையும் மட்டும் அச்சிட்டு, பத்து எழுத்தாளர்களிடம் கதை கேளுங்கள்.