பேசாக் கணினி

எழுத்துக்கள் பிறக்கும் முறைமையைத் தொல்காப்பியனார் பிறப்பியல் என ஓரியல் வகுத்தே உணர்த்தினார். கணினியில் ஒலி பிறக்குமாற்றை ஆராயும் நிலை, தமிழ் மாணவராகிய எமக்குச் சென்ற விடுமுறையில் நேர்ந்தது.

அகரத்தில் எம் இல்லத்தில் பழைய மடிக்கணினியொன்று கிடந்தது. விண்டோஸ் பத்தாம் பதிப்பிற்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பதினோராம் பதிப்போ இத்தகைய பழம்பொறிகளை ஏற்பதில்லை. ஆகவே லினக்ஸை நிறுவி, பார்வையற்ற நண்பரொருவர்க்கு அதனை அளிக்கக் கருதினோம். திரை ஒளிர்ந்தது, இணையமும் இணைந்தது, ஒலி மட்டும் எழவில்லை.

"லினக்ஸ் என்றாலே இப்படித்தான்; எடைக்குப் போட்டுவிடுங்கள், தம்பி" என்றார் அண்டை வீட்டு அண்ணன். இக்கூற்றையே யாம் மறுக்கின்றோம்.

லினக்ஸில் ஒலிக்கருவிகளை இயக்குவது ஆல்சா என்னும் பகுதி. யாரோஸ்லாவ் கிசேலா என்பார் 1998இல் தொடங்கிய இப்பணி, 2003 இறுதியில் வெளிவந்த 2.6ஆம் கெர்னலில் இடம்பெற்றது. ஒலிவழிகளைத் தொடக்கத்தில் அடைத்தே வைப்பது இதன் இயல்பு. ஆல்சாமிக்சர் என்னும் நிரலைத் திறந்தால், அடைபட்ட வழியின் கீழ் 'எம்' என்னும் ஆங்கில எழுத்து இருமுறை தோன்றும். அவ்வெழுத்துக்குரிய விசையை அழுத்த, வழி திறக்கும். பூட்டியிருப்பதைப் பழுதென்று கொள்வார் பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில் இலர்!

எம் பொறியிலோ வழி திறந்தும் பயனில்லை. தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. துளைக்கே ஒலி சென்றுகொண்டிருந்தது. அமைப்புப் பக்கத்தில் உள்ளமைந்த ஒலிபெருக்கியைத் தெரிந்தெடுத்தவுடன் பொறி பேசிற்று. புதிய கணினிகள் சிலவற்றிற்குச் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்னும் கோப்புக்களையும் சேர்த்தல் வேண்டும்.

கண்ணுடையார்க்கு இஃது அரைமணித் தொல்லை. எம் நண்பர்க்கோ? திரையைப் படித்துக் காட்டும் ஓர்காவும், தமிழ் ஒலிக்கும் ஈஸ்பீக்கும் விலையின்றிக் கிடைப்பன. ஆயினும் அடைப்பை நீக்க அவர் திரையைக் கேட்டாக வேண்டும். திரையைக் கேட்க அடைப்பு நீங்கியாக வேண்டும்.

தமிழ்நாட்டரசு 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய திட்டத்தின்வழி மாணவர்க்கு மடிக்கணினிகள் இலட்சக்கணக்கில் வந்தன. சி-டாக் நிறுவனத்தாரின் பாஸ் லினக்ஸும் அவற்றிற் பலவற்றில் உடனிருந்தது. எம் தெருவிலேயே சில இப்போது பரணேறிக் கிடக்கின்றன. அவற்றைப் புதுக்கிப் பார்வையற்ற மாணவர்க்கு அளிக்க முன்வருவோர், முதற்கண் ஒலியை எழுப்புக. பொறியை அணைத்து மீண்டும் இயக்கி, அவ்வொலி நிலைக்கின்றதா என்றும் காண்க. திரையின் அழகைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வழிமுறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள. தமிழ் பயிலும் நாம் ஒரு தாளில் எளிய தமிழில் வரைந்து நூலகத்தில் வைத்தால் என்ன? இது தமிழ்த்தொண்டாகுமோ என வினவிய தோழர் ஒருவர் உளர். ஆகும் என்பதே எம் துணிபு.

நண்பர் இப்போது பிறப்பியலை அப்பொறியின் வாயிலாகவே கேட்டுப் பயில்கின்றார். குரல் வறண்டதுதான், சந்தி வருமிடங்களில் தடுமாறவும் செய்கின்றது. அவரோ அதன் வேகத்தை மேன்மேலும் கூட்டிக்கொண்டே போகின்றார். அருகிருந்து கேட்ட எமக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.