கோவையா, தென்காசியா?



நாவலூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கணவன், மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை. ஆறு வயதில் ஒரு மகள். ஓ.எம்.ஆர். எனப்படும் ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிய அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். கணவரின் நிறுவனம் அவரைக் கோவைக் கிளைக்கு மாற்றித் தரச் சம்மதித்துவிட்டது. அதே சமயம் தென்காசிப் பக்கம் வாசகிக்கு ஒரு வேலை கைகூடி வருகிறது. இருவருக்கும் இரண்டுமே சொந்த ஊர் இல்லை. "எங்களுக்கு மலை பக்கத்தில் வேண்டும், குழந்தை மண்ணில் விளையாட வேண்டும், வேலையும் நிலைக்க வேண்டும். நாங்கள் எந்தப் பக்கம் போகட்டும்?" என்று கேட்கிறார்.

இது அவர் ஒருவரின் கேள்வி அல்ல. சிறுசேரி, நாவலூர், படூர், கேளம்பாக்கம் பக்கம் எந்தத் தேநீர்க்கடை வாசலில் நின்றாலும், வாரம் ஒருவராவது இதைப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். கொரோனா காலத்தில் ஊரிலிருந்தே வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு, தண்ணீர் லாரிக்கும் மெட்ரோ பணித் தடுப்புகளுக்கும் நடுவே திரும்பி வந்து உட்கார்ந்தது மனதில் ஆறவே இல்லை. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்தக் கடிதத்துக்கே கொடுத்துவிடுகிறேன்.

2023 ஏப்ரல் 8 அன்று சென்னைக்கு வந்த பிரதமர் ஒரே நாளில் இரண்டு ரயில்களைத் தொடங்கிவைத்தார். ஒன்று, சென்ட்ரலிலிருந்து கோவைக்குப் போகும் வந்தே பாரத். ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். இன்னொன்று, நம் தாம்பரத்திலிருந்து செங்கோட்டைக்குப் போகும் விரைவு ரயில். அது திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு தென்காசி போய்ச் சேரும். வேகமாகப் போக வேண்டுமென்றால் பொதிகை இருக்கிறது. இரவு தாம்பரத்தில் ஏறிப் படுத்தால் காலையில் தென்காசி. இருந்தாலும், ஒரே நாளில் கொடியசைத்த அந்த இரண்டு வண்டிகளின் வேகத்திலேயே இரண்டு ஊர்களின் குணமும் தெரிந்துவிடுகிறது.

இரண்டு ஊர்களுக்கும் ஒரு பெரிய ஒற்றுமை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை எங்கெல்லாம் இடைவெளி விட்டிருக்கிறதோ அங்கெல்லாம் தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கம் எட்டிப் பார்க்கும். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். அதன் வாசலில் கோவை. தெற்கே ஆரியங்காவுக் கணவாய். அதன் வாசலில் செங்கோட்டையும் தென்காசியும். ஜூன் மாதம் நாவலூரில் கடற்காற்று எப்போது வரும் என்று நண்பகல் வரை காத்திருக்கிறோமே, அந்த நேரத்தில் கோவையில் மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருக்கும். தென்காசியில் வெயிலுக்கு நடுவிலேயே சாரல் விழும். அந்தச் சாரலில் ஒரு முறை நனைந்தவருக்கு வேறு காரணமே வேண்டாம். ஆனாலும் வாசகி மற்ற காரணங்களையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் நாவலூரையே எடுத்துக்கொள்வோம். கடல் இங்கிருந்து வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நடுவில் பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும் கிடக்கின்றன. நேராகப் போக வழியில்லை. வடக்கே சோழிங்கநல்லூர் போய் அக்கரை வழியாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் தெற்கே கேளம்பாக்கம் போய்க் கோவளத்தில் இறங்க வேண்டும். அதனால்தான் கோவளத்தில் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை இருந்தும், அலைச்சறுக்குப் பள்ளிகள் இருந்தும், நாவலூர்க் குழந்தை கடலை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிறது. மலை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே போய்விட்டு வந்து வேலையில் உட்கார முடியுமா என்று கேட்டுப் பாருங்கள் என்று அவருக்குச் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை காலை என்று ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளும் சியாட்டிலா, டென்வரா என்று இதே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார்கள். சியாட்டிலில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். வேலை முடிந்தபிறகு ஒரு குன்றேறி இறங்கலாம். அதே ஊரில் டிசம்பரில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். டென்வரில் வெயில் தாராளம், ஆனால் சனிக்கிழமை காலையில் மலைக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். நமக்கோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு பகல். ஆறரை மணியோடு மாலை வெளிச்சம் போய்விடும். அமெரிக்க நேரத்துக்கு மீட்டிங் வைத்திருப்பவருக்கு மாலை என்பதே கிடையாது. நமக்கு வெளியில் நடமாடக் கிடைக்கும் நேரம் காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரைதான். அலுவலகப் பயணம் இந்த நேரத்தைத் தின்றுவிடுமா, விட்டுவைக்குமா என்பதில்தான் ஊரின் மதிப்பு இருக்கிறது.

கோவையை இந்தக் கண்ணோடு பாருங்கள். மலைகள் மேற்கே: மருதமலை, வடவள்ளி தாண்டித் தொண்டாமுத்தூர், பூண்டி, வெள்ளியங்கிரி. ஐ.டி. அலுவலகங்களோ கிழக்கிலும் வடக்கிலும்: 2010-ல் வந்த விளாங்குறிச்சி டைடல் பார்க், சரவணம்பட்டி, கீரணத்தம். வேலைக்குப் பக்கத்தில் என்று சரவணம்பட்டியில் அடுக்ககம் எடுத்தால், சத்தி ரோட்டில் இன்னொரு ஓ.எம்.ஆர். கிடைக்கும். மலையை மாடியிலிருந்து பார்க்கலாம், போய்ச் சேர ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். 10.1 கிலோமீட்டர் நீளத்தில் ஜி.டி. நாயுடு பெயரில் அவினாசி சாலை மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அது பீளமேட்டு நெரிசலுக்கு மருந்து. மேற்கே வீடும் வடகிழக்கே வேலையும் இருப்பவருக்குப் பாதி வழிக்குத்தான் உதவும்.

கோவையின் உண்மையான கொடை வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யலைத் தேக்கி முன்னோர்கள் வெட்டிய குளங்கள் இன்னும் ஊருக்குள்ளேயே உயிரோடு இருக்கின்றன. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். சிங்காநல்லூர்க் குளத்தில் விடியற்காலையில் பறவை பார்க்க வருபவர்கள் உண்டு. ரேஸ் கோர்ஸைச் சுற்றிச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடைபாதை. ஐந்து மணிக்கே அங்கே பெண்கள் தனியாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பெண் குழந்தையை வளர்க்கும் வீட்டுக்கு இது சிறிய விஷயம் அல்ல. சனிக்கிழமைக்கு ஆழியாறும், அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறையும், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலும் இருக்கின்றன.

வேலை விஷயத்திலும் கோவைக்கு ஆழமான வேர் இருக்கிறது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய பஞ்சாலைகள், பிறகு மோட்டார், பம்பு, வெட் கிரைண்டர், பொறியியல் கல்லூரிகள், பெரிய மருத்துவமனைகள் என்று ஒன்றின்மேல் ஒன்றாக வளர்ந்த ஊர் அது. ஒரு நிறுவனம் கைவிட்டாலும் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். வீட்டை மாற்றாமல் வேலையை மாற்றிக்கொள்ளலாம்.

தென்காசியில் அது முடியாது. இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த ஊரை நான் மனதார நேசிக்கிறேன். கூடுவாஞ்சேரிப் பக்கம் தலைமையகம் வைத்திருக்கும் ஸோஹோ, 2011-லேயே தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து மென்பொருள் எழுத வைத்தது. கலிஃபோர்னியாவில் நெடுங்காலம் வாழ்ந்த அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் மத்தளம்பாறையிலேயே குடியேறினார். தமிழ்நாட்டில் வேறு யாரும் அத்தனை துணிச்சலாகச் செய்து காட்டாத காரியம் அது. வயல் நடுவே அலுவலகம், பக்கத்தில் பழைய குற்றாலம். செவ்வாய்க்கிழமை காலையில் அருவியில் குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு வேலையில் உட்காரலாம் என்பது அங்கே நடக்கக்கூடிய காரியம். சைக்கிளை எடுத்தால் குண்டாறு அணை, அடவிநயினார் அணை, ஆடி மாதத்தில் சுந்தரபாண்டியபுரத்தின் சூரியகாந்தித் தோட்டங்கள். நான் சொன்ன காலைப்பொழுது அங்கே முழுதாகக் கையில் இருக்கிறது.

ஆனால் முதலாளி ஊரைத் தேர்ந்தெடுப்பதும் ஊழியர் தேர்ந்தெடுப்பதும் ஒன்றாகிவிடாது. அந்த ஒரு வேலை பிடிக்காமல் போனால், அல்லது போய்விட்டால், அடுத்த வேலைக்குக் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ஊரில் வேலை அமைவதும் கடினம். பெரிய சிகிச்சை என்றால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருநெல்வேலி போக வேண்டும். விமானத்துக்குத் தூத்துக்குடி, மதுரை, திருவனந்தபுரம் மூன்றுமே தூரம். வாடகைக்கு வீடு கேட்டால் 'நீங்க எந்த ஊரு?' என்பார்கள், அதற்குப் பின்னால் சாதியைத் துழாவும் இன்னொரு கேள்வி இருக்கும். அது சென்னையிலும் இருக்கிறது, கோவையிலும் இருக்கிறது. சின்ன ஊரில் ஒளிந்துகொள்ளாமல் முன்னால் வந்து நிற்கும். அதிகாலையில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு தனியாக ஓடும் பெண்ணைத் தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கும். இதெல்லாம் மாறும், மாற்றுகிறவர்கள் அங்கே போய் வாழ்ந்துகொண்டும் இருக்கிறார்கள். அந்த வேலையையும் தோளில் ஏற்றிக்கொள்ள விருப்பமா என்று வாசகி தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குற்றாலம் என்றதும் ஆண்டு முழுவதும் தண்ணீர் கொட்டுவதாக நினைத்துவிட வேண்டாம். சீசன் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. அப்போது ஊரே கூட்டத்தில் திணறும். மார்ச், ஏப்ரலில் பேரருவி வெறும் பாறையாக நிற்கும். 2024 மே மாதம் கோடைமழையில் பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் வந்து பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் பகுதியை மூழ்கடித்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், தென் மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. வெள்ளத்துக்குப் பயந்து இடம் மாறுகிறவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காட்டைப் பற்றியும் ஒன்று. மலையடிவாரத்தில் வீடு வேண்டும் என்கிறோம். அந்த அடிவாரம் யானையின் வழித்தடம். கோவை மதுக்கரை அருகே ரயிலில் யானைகள் அடிபட்டு இறந்த துயரத்துக்குப் பிறகு, 2024-ல் அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் பொருத்தினார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கை போகிறது. தென்காசி மாவட்டம் கடையம் அருகே 2022 நவம்பரில் கரடி தாக்கி மூன்று பேர் படுகாயமடைந்தார்கள். தோட்ட வீட்டு விளம்பரங்களில் 'காட்டை ஒட்டி' என்று இருந்தால் தயவுசெய்து விலகிப் போங்கள். காட்டுக்குள் நடக்க ஆசையென்றால் அதற்கு முறையான வழி இருக்கிறது. 2018-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. டாப்ஸ்லிப் பக்கமும் அதில் உண்டு, செண்பகதேவி அருவிப் பாதையும் உண்டு. வழிகாட்டிகளாக வருகிறவர்களில் பலர் பழங்குடி மக்கள். அவர்களோடு நடந்தால் மரங்களின் பெயர்கள் உங்கள் மகளுக்கு வந்து சேரும்.

இனி என் பதில். எனக்குத் தனியாள் வாழ்க்கை, ஒரு சம்பளம், வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்றால் யோசிக்காமல் பொதிகையில் ஏறிவிடுவேன். உங்கள் வீட்டில் இரண்டு வேலைகள், ஒரு குழந்தை, வயதாகிக்கொண்டிருக்கும் நான்கு பெற்றோர். நீங்கள் கோவைக்குப் போங்கள். ஆனால் வடவள்ளி, மருதமலைப் பக்கம் வாடகைக்கு வீடு பாருங்கள். இரண்டு கோடை கழியும் வரை எதையும் வாங்க வேண்டாம். கிளை மாறுவதற்கு முன்பே, வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்பதைக் கணவர் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். ஐந்து நாளும் வர வேண்டும் என்றால் மேற்கே வீடு எடுத்தும் பயனில்லை. அப்போது சிங்காநல்லூர்க் குளத்தை ஒட்டிப் பாருங்கள். தென்காசி வேலையை விட மனமில்லை என்றால், கணவருக்கு நிரந்தரமாக வீட்டிலிருந்தே பார்க்கும் அனுமதி கிடைத்தபிறகு போங்கள். அதற்கு முன் ஒரு ஏப்ரல் மாதம், அருவி வற்றியிருக்கும்போது, மகளின் விடுமுறையில் அங்கே சில வாரம் தங்கிப் பாருங்கள்.

நாவலூர், தாம்பரம், வண்டலூர்ப் பக்கத்திலிருந்து ஏற்கெனவே கோவைக்கோ தென்காசிக்கோ போய்விட்ட வாசகர்கள் நிச்சயம் இருப்பீர்கள். இந்தச் சகோதரிக்காக எழுதுங்கள். காலை எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள், போன மாதம் எத்தனை நாள் மலைப்பக்கம் போனீர்கள், தண்ணீர் எப்படி வருகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி அமைந்ததா, அடுத்த வேலை தேட நேர்ந்தபோது என்ன செய்தீர்கள்? போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் தயங்காமல் எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்