கிழக்கிலிருந்து வந்த பிள்ளைகள்



1955-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்ட் விமான நிலையத்தில் ஹாரி ஹோல்ட் என்னும் ஒரு விவசாயி வந்து இறங்கினார். அவரோடு பன்னிரண்டு கொரியக் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் நால்வர் வேறு குடும்பங்களுக்குப் போக வேண்டியவர்கள். மீதி எட்டுப் பேரும் அவருடைய சொந்த வீட்டுக்கே வந்தவர்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே ஆறு பிள்ளைகள் இருந்தார்கள் என்பதையும், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே கடுமையான மாரடைப்பிலிருந்து பிழைத்தெழுந்தவர் அவர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இதற்கு முந்திய ஆண்டு டிசம்பரில், வேர்ல்ட் விஷன் ஊழியத்தைத் தொடங்கிய பாப் பியர்ஸ் காட்டிய ஒரு படத்தை ஹாரியும் அவர் மனைவி பெர்த்தாவும் பார்த்தார்கள். கொரியப் போர் ஓய்ந்து அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்நியப் படைவீரருக்கும் கொரியத் தாய்மாருக்கும் பிறந்த குழந்தைகள் ஒதுக்கப்பட்டு, பசியோடு அலைவதை அந்தப் படம் காட்டிற்று. பார்த்துவிட்டு வந்தவர்களால் நிம்மதியாய்ச் சாப்பிட முடியவில்லை. எட்டுப் பேரைச் சுவிகரிக்கத் தீர்மானித்தார்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேருக்கு மேல் சட்டம் இடங்கொடாது என்றார்கள். ஹாரி கொரியாவுக்குப் புறப்பட்டுப்போக, பெர்த்தா வீட்டிலிருந்து கடிதங்கள் எழுதினார், நண்பர்களையும் எழுதவைத்தார். அந்த ஆகஸ்டுக்குள் அந்த ஒரு குடும்பத்துக்காகவே அமெரிக்கப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிற்று. போகும் வழியில், டோக்கியோ நகரத்து விடுதி அறையில் ஹாரி கலங்கி ஜெபித்து வேதத்தைத் திறந்தபோது, ஏசாயா 43-ஆம் அதிகாரம் 5-ஆம் வசனம் கண்ணில் பட்டதாம். பயப்படாதே என்று சொல்லி, சந்ததியைக் கிழக்கிலிருந்து வரவழைப்பதாகத் தேவன் வாக்களிக்கிற வசனம் அது. பிற்பாடு பெர்த்தா எழுதிய புத்தகத்தின் தலைப்பும் அந்த வசனத்திலிருந்தே பிறந்தது.

இந்தச் சம்பவத்தை நானும் பிரசங்கித்திருக்கிறேன், ஒருமுறையல்ல. ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் புத்திர சுவிகாரத்தின் ஆவியைப் பற்றிப் பேசுகிற இடத்துக்கு வரும்போதெல்லாம், விமானப் படிக்கட்டில் இறங்கிய அந்த மனிதர் எனக்கு ஆயத்தமாய் நிற்பார். பாவத்தின் தேசத்திலிருந்து நம்மைத் தூக்கிக்கொண்டு வந்த பிதாவுக்கு அவரைவிடப் பொருத்தமான உவமை எங்கே கிடைக்கும்? சபையார் கண்ணீரோடு ஆமென் சொல்வார்கள்.

இப்போதெல்லாம் அந்த உவமையை அதே குரலில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், அந்தப் படிக்கட்டில் தூக்கிவரப்பட்ட தலைமுறையும் அதற்குப் பின் வந்த தலைமுறைகளும் வளர்ந்து பெரியவர்களாகிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நாம் ஐம்பது, அறுபது ஆண்டுகளாய் அவர்களைப் பற்றியே பேசினோமேயன்றி, அவர்களிடத்தில் கேட்கவில்லை.

ஹோல்ட் குடும்பம் திறந்த வழியில் ஆயிரமாயிரமாய்ப் பிள்ளைகள் கடல் கடந்தார்கள். 1955 முதல் 1999 வரைக்கும் தென் கொரியா வெளிநாடுகளுக்கு அனுப்பிய பிள்ளைகள் 1,40,000-க்கும் அதிகம். போர்க்காலத்து அநாதைகளா இவ்வளவு பேரும்? இல்லை. மிகுதியாய் அனுப்பப்பட்ட ஆண்டு 1985. போர் முடிந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகி, தொழில் பெருகி, ஒலிம்பிக் விளையாட்டுக்கு சியோல் நகரம் தன்னை அலங்கரித்துக்கொண்டிருந்த காலம். அந்த ஒரே ஆண்டில் 8,800-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய தாய்மார் மணமாகாதவர்கள், ஏழைகள், ஊரார் வாய்க்கு அஞ்சியவர்கள், பிள்ளையை வளர்க்க யாரும் கைகொடுக்காததால் கைவிட்டவர்கள்.

2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நாட்டு அரசு அமைத்த உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் தன் விசாரணையின் முடிவை வெளியிட்டது. முறையிட்டவர்கள் 367 பேர். முதற்கட்டமாக 56 பேருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று ஆணையம் தீர்த்தது. பெற்றோர் உயிரோடிருந்த பிள்ளைகள் அநாதைகள் என்று எழுதப்பட்டார்கள். அனுப்பப்பட வேண்டிய பிள்ளை மரித்துவிட்டால் அல்லது பெற்றோர் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டால், அதன் பெயரிலேயே வேறொரு பிள்ளை அனுப்பப்பட்டது. தாயின் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை. கண்காணிக்க வேண்டிய அரசும் கண்ணை மூடிக்கொண்டது.

இவற்றில் என்னை அதிகமாய் உலுக்கியது அநாதைப் பதிவேடு. கொரியாவில் அக்காலத்தில் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பதிவேடு இருந்தது. இன்னாருடைய மகன், இன்னாருடைய பேரன் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைக்கோ தனியாக ஒரு பதிவேடு தயாரிக்கப்பட்டது. அதில் தகப்பனும் இல்லை, தாயும் இல்லை. அந்தப் பிள்ளை ஒருவரே முழு வம்சம். அயல்நாட்டுச் சட்டம் அநாதையை மட்டுமே ஏற்கும் என்பதால், அநாதையல்லாத பிள்ளையைக் காகிதத்தில் அநாதையாக்கினார்கள். வம்ச அட்டவணைகளை ஆபிரகாமிலிருந்து இயேசு வரைக்கும், தாமாரையும் ராகாபையும் மறைக்காமல் எழுதிவைத்த வேதத்தைக் கையில் வைத்திருந்த கிறிஸ்தவர்களும் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தார்கள். நற்காரியம் செய்கிறோம் என்ற நிச்சயத்தில் யாரும் நின்று யோசிக்கவில்லை போலும்.

ஏசாயா 43-ஐ இப்போது மறுபடியும் வாசியுங்கள். அந்த வாக்குத்தத்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது? சொந்த தேசத்திலிருந்து பிடுங்கப்பட்டுச் சிறையிருப்பில் இருந்த ஜனத்துக்கு. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் தேவன் கூட்டிச்சேர்ப்பது சிதறுண்டுபோன பிள்ளைகளை. சேர்ப்பது அவர்களுடைய சொந்த இடத்துக்கு. ஹாரி அதைத் தன் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்குரிய வார்த்தையாக ஏற்றுக்கொண்டார். அவருடைய விசுவாசத்தை நான் பரிகசிக்கமாட்டேன். கலங்கின மனிதனைத் தேற்ற ஆண்டவர் எந்த வசனத்தையும் எடுப்பார். ஆனாலும் சியோலில் ஒரு தாய் அதே வசனத்தை வாசித்திருந்தால், அதே வார்த்தைகள் அவளுக்கு எந்தத் திசையைக் காட்டியிருக்கும்? தன் பிள்ளைகளை எண்ணி ஆறுதலடையாமல் அழுத ராகேலுக்கு எரேமியா 31-இல் தேவன் சொல்லுகிற ஆறுதலும் இதுவே: பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்புவார்கள் என்பது. அழுகிற அந்தத் தாயை நம்முடைய சுவிகாரப் பிரசங்கங்களில் எங்கேயும் காணோம்.

சுவிகாரம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. யாராவது அப்படி எண்ணினால் இந்த வரிகளை மறுபடியும் வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். 1955-இல் சாலையோரத்தில் கிடந்த குழந்தைக்கு உணவும் மடியும் வேண்டியிருந்தது. சட்ட நுணுக்கம் பேசிக்கொண்டு கடந்துபோவது லேவியனின் வழி. நான் சொல்லுவது வேறு. பிள்ளையை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர்கள் அதன் தாயை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தக்கூடாது. தாய் மரித்திருக்கலாம், கண்டுபிடிக்க முடியாதவளாய் இருக்கலாம், பிள்ளையை வேண்டாம் என்றே விட்டுப்போனவளாயும் இருக்கலாம். அப்போதும் அவள் இருந்தாள் என்கிற உண்மை அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். அதை எடுத்துப்போட நமக்கு அதிகாரமில்லை.

யாத்திராகமம் 2-ஆம் அதிகாரத்தில் பார்வோனுடைய குமாரத்தி நடந்துகொண்ட விதத்தைக் கவனியுங்கள். ஆற்றங்கரையில் பேழையைத் திறந்து குழந்தையைப் பார்த்ததுமே அது எபிரெயப் பிள்ளை என்று அறிந்தாள். எகிப்தியப் பிள்ளை என்று பொய் சொல்லவில்லை. மிரியாம் ஓடிவந்து ஒரு எபிரெயத் தாதியை அழைத்துவரட்டுமா என்று கேட்டபோது, போ என்றாள். வந்தவள் பெற்ற தாயே. அவளுக்குச் சம்பளம் கொடுத்து, அவள் பிள்ளையை அவளே வளர்க்கும்படி செய்தாள் அந்த அந்நிய மார்க்கத்துப் பெண். பிள்ளை பெரிதானபின்பு தன் குமாரனாக ஏற்றுக்கொண்டு, எங்கிருந்து எடுத்தாளோ அதையே பெயராக வைத்தாள். மோசே அரண்மனையில் வளர்ந்தான். ஆயினும் சுமை சுமக்கிற அந்த அடிமைகள் தன் சகோதரர் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமலிருந்தால் யாத்திராகமம் என்று ஒரு புத்தகம் இருந்திருக்குமா?

அந்தச் சம்பளத்தைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்கிறேன். விமானச் செலவுக்கும் காகிதச் செலவுக்கும் பணம் இருந்தது. அதில் ஒரு பங்கு தாயின் கைக்குப் போயிருந்தால் எத்தனை பிள்ளைகள் விமானமே ஏறவேண்டியிருந்திராது?

இன்னொரு காரியமும் உண்டு. அமெரிக்காவுக்குப் போன பிள்ளைகள் சிலருக்கு வளர்த்த பெற்றோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தவறினார்கள். மகனே என்று அழைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, பள்ளிக்கும் அனுப்பியவர்கள் ஒரு விண்ணப்பத்தாளை நிரப்பாமல் விட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் வந்த சட்டம், சுவிகரிக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை கொடுத்தது. அது நடைமுறைக்கு வந்தபோது பதினெட்டு வயதைக் கடந்திருந்தவர்களுக்கோ கதவு அடைபட்டது. நடுவயதில், பாஷை தெரியாத கொரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. அந்நியராயிராமல் தேவனுடைய வீட்டாராக்கப்பட்டோம் என்று எபேசியர் 2-ஐ நாம் சந்தோஷமாய் வாசிக்கிறோம். அந்த வசனத்தை அவர்கள் எந்த மனதோடு வாசிப்பார்கள்?

இதெல்லாம் கடலுக்கு அப்பால் நடந்த காரியம் என்று நீங்கள் நினைக்கலாம். நம்முடைய சபைகளில் பிள்ளைப்பேறில்லாத தம்பதிகள் என்னிடம் வந்து, "ஐயா, உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஏதாவது குழந்தை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டதுண்டு. அவர்கள் கண்ணீரை நான் அறிவேன். கிறிஸ்தவர்களாகிய நமக்கு இந்த நாட்டில் நெடுங்காலம் சுவிகாரச் சட்டமே இல்லை. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. பிள்ளை சட்டப்படி பிள்ளையாகவில்லை. 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் 2006-இல் வந்த அதன் திருத்தமும்தான் அந்தக் கதவைத் திறந்தன. இன்று மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்து காத்திருப்பதே வழி. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளுகிறது என்பது மெய்தான். அதனால் மருத்துவமனையில் தெரிந்தவர் மூலமாய், ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக் கைமாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு நான் கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன்: அது குற்றம். தாய் தன் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின்முன் ஒப்படைத்தபின்பும், மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள அவளுக்குச் சட்டம் இரண்டு மாத அவகாசம் கொடுக்கிறது. குறுக்குவழியில் நாம் திருடுவது அந்த இரண்டு மாதத்தைத்தான்.

முறைப்படி சுவிகரித்த வீடுகளிலோ வேறொரு பூட்டு தொங்குகிறது. பிள்ளைக்குத் தெரியக்கூடாது, ஊராருக்குத் தெரியக்கூடாது, போதகரும் வாய்திறக்கக்கூடாது. பாட்டி ஒருத்தி கோபத்தில் சொல்லித்தான் பல பிள்ளைகள் தங்கள் கதையை முதல்முதலாய்க் கேட்கிறார்கள். பெற்றோரே, அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து, உங்கள் மடியில், பிள்ளை சிறியதாயிருக்கும்போதே வரட்டும். எஸ்தரின் தாயும் தகப்பனும் மரித்ததும், மொர்தெகாய் அவளை எடுத்து வளர்த்ததும், அவளுக்கு அத்சாள் என்ற பெயர் இருந்ததும் வேதத்தில் வெளிப்படையாய் எழுதப்பட்டிருக்கின்றன. அதனால் அவள் மேன்மை குறையவில்லை.

ஹோல்ட் குடும்பத்தின் கதையில் நாம் பிரசங்கிக்காமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. யாரும் சுவிகரிக்க முன்வராத பிள்ளைகள், ஊனமுற்றவர்கள், நோயாளிகள் கொரியாவிலேயே தங்கிவிட்டார்கள். சியோலுக்கு அருகே இல்சான் என்னுமிடத்தில் நிலம் வாங்கி அவர்களுக்கு ஓர் இல்லம் கட்டினார் ஹாரி. பிள்ளைகளைத் தன் தேசத்துக்குக் கொண்டுவந்த மனிதர், பிள்ளைகளின் தேசத்துக்குப் போய் அங்கே வாழ்ந்து, 1964-இல் அங்கேயே மாரடைப்பினால் மரித்தார். 2000-ஆம் ஆண்டில் காலமான பெர்த்தாவும் அவர் அருகே அடக்கம்பண்ணப்பட்டார். அவர்களுடைய மகள்களில் ஒருத்தி செவிலியாய் 1956-இல் கொரியா போனவர், வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தப் பிள்ளைகளோடே கழித்து 2019-இல் மரித்தார். அந்தக் குடும்பத்தைப் பற்றி இனி நான் பேசும்போது விமான நிலையத்தைவிட இல்சானைப் பற்றி அதிகம் பேசுவேன்.

2020 முதல், வெளிநாடுகளிலுள்ள கொரியத் தூதரகங்களில் சுவிகாரப் பிள்ளைகள் தங்கள் மரபணு மாதிரியைக் கொடுத்துப் பெற்றோரைத் தேட வழி செய்யப்பட்டிருக்கிறது. நரைத்த தலையோடு போய்க் கொடுக்கிறார்கள். மறுபக்கம், மூப்படைந்த தாய்மார் சிலர் காவல் நிலையங்களில் தங்கள் மாதிரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்த ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டு வேளை வரும்போது இவ்விரு கூட்டத்தாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் சபையில் பிள்ளைக்காகக் காத்திருக்கிற தம்பதிகளையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போதகர்