‘கத்ரு’ என்று சொன்னதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

2020ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் காலை, நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில் கொதிகலன் வெடித்தது. ஆறு தொழிலாளர்கள் அன்றே மாண்டனர். தீக்காயங்களோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் மேலும் சிலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தனர். அதே நிலையத்தில் மே 7 அன்று நேர்ந்த கொதிகலன் விபத்தின் துயரம் ஆறுமுன்பே இந்த இடி விழுந்தது. மாண்டவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

இத்தகைய வீடுகளுக்கு நாம் துக்கம் விசாரிக்கச் செல்லும்போது நம் நாவில் முதலில் வருவது, “எல்லாம் கத்ரு, ஸப்ரு செய்யுங்கள்” என்பதே. அது ஈமானின் சொல், ஐயமில்லை. ஆயினும் அச்சொல்லைச் சொன்னவுடன் நம் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக எண்ணிச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறுகிறோமே, அது சரிதானா?

துன்பம் ஏன் வருகிறது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதன்று. நெய்வேலிக்கு அண்மையிலுள்ள கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் ஒருகாலத்தில் சமணத்தின் பெரும் நிலையமாக விளங்கியது. முன்செய்த வினையே துன்பமாக வந்து மூள்கிறது என்றனர் சமணர். அங்கே துறவியாக இருந்த தருமசேனருக்குச் சூலை நோய் வந்தது. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் அது நீங்கிய பின் அவர் திருநாவுக்கரசர் ஆனார். அந்நோயையே இறையருளின் அழைப்பாகக் கண்டது சைவ மரபு.

பௌத்தம் வேறொரு வழியில் சென்றது. துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அதற்கு முடிவு உண்டு, முடிவுக்கு வழி உண்டு என்று ஒரு மருத்துவரைப் போல அது பேசுகிறது. பேதைமையில் தொடங்கிப் பன்னிரு காரணங்கள் சங்கிலியாய்த் தொடர்வதைத் தமிழில் மணிமேகலை விரித்துரைக்கிறது. அச்சங்கிலியின் வலுவான கண்ணி வேட்கை. உடலில் தைக்கும் அம்பு ஒன்று. அதை எண்ணிப் புலம்பி மனம் தனக்குத்தானே எய்துகொள்ளும் அம்பு மற்றொன்று என்ற உவமையும் பௌத்தர்களுடையதே. இரண்டாம் அம்பை நாமும் அறிவோம்.

எனினும் நாம் பிரியும் இடம் தெளிவானது. பற்றை முற்றாக அறுப்பது நமக்கு இடப்பட்ட கட்டளையன்று. தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். அக்கண்ணீரை இரக்கம் என்றார்கள். அச்சம், பசி, பொருளிழப்பு, உயிரிழப்பு ஆகியவற்றால் மனிதன் சோதிக்கப்படுவான் என்று அல்பகரா அத்தியாயம் அறிவிக்கிறது. துன்பத்தின் இறுதிப் பொருள் அல்லாஹ்விடம் இருக்கிறது. நபி அய்யூப் (அலை) அவர்கள் பட்ட துன்பம் அவர்களுடைய குற்றத்தின் கூலியன்று. ஆகவே, துன்புற்றவரைப் பார்த்து “என்ன பாவம் செய்தாரோ” என்று முணுமுணுக்க நமக்கு உரிமையில்லை.

ஆனால் இறுதிப் பொருள் இறைவனிடம் என்பதால் கண்ணெதிரே உள்ள காரணத்தைத் தேட வேண்டாம் என்றாகிவிடாது. இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. அந்த இறப்பால்தான் கிரகணம் என்று மக்கள் பேசியபோது, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். சொந்தத் துயரத்தின் நடுவிலும் பொய்க் காரணத்தை அவர்கள் அனுமதிக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னதும் அவர்களே.

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியதைக் கேட்டு உமர் (ரலி) அவர்கள் படையுடன் திரும்பினார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) விடையளித்தார்கள். காப்பதும் கத்ருதான், பராமரிப்பதும் கத்ருதான். நிலத்திலும் கடலிலும் குழப்பம் தோன்றுவது மனிதரின் கைகள் செய்தவற்றால் என்று அர்ரூம் அத்தியாயம் கூறுகிறது. அந்தக் கைகள் எவை என்று கேட்பது ஈமானுக்குக் குறையன்று.

ஸப்ரு என்பது தன் துன்பத்தில் ஒருவர் தாமே கைக்கொள்ள வேண்டிய பண்பு. பிறர் துன்பத்தில் நமக்குரியது நீதியும் உதவியும். இவ்விரண்டையும் இடம் மாற்றி வைக்கும்போது, தன் வீட்டுக் குழாய் உடைந்தால் ஒப்பந்தக்காரரிடம் கணக்குக் கேட்பவர், பக்கத்து வீட்டுப் பிள்ளை கொதிகலன் அருகே வெந்து மாண்டால் “விதி” என்கிறார். மார்க்கத்தின் சொல்லே அலட்சியத்துக்குத் திரையாகிவிடுகிறது.

ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நம் மாவட்டத்திலேயே, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குச் சமயம் பாராமல் உணவும் இருப்பிடமும் அளித்தனர். அலை ஏன் வந்தது என்று அவர்கள் சொற்பொழிவாற்றிக்கொண்டிருக்கவில்லை, அடுப்பை மூட்டினார்கள்.

எனவே அடுத்த முறை அத்தகைய வீட்டின் வாசலை மிதிக்கும்போது முதலில் பேசாமல் அமர்வோம். சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வோம். இழப்பீட்டு மனுவை எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுக்கட்டும். அலுவலகத்துக்கு உடன் செல்ல முடிந்தவர் செல்லட்டும். விசாரணை என்ன ஆயிற்று என்று ஓராண்டு கழித்தும் கேட்போம். மாண்டவர் எச்சமயத்தவராயினும் இதையே செய்வோம். கத்ரு என்ற சொல்லை அந்த வீட்டுத் தாய் தம் வாயால் சொல்லட்டும். அப்போது ஆமீன் சொல்லும் தகுதி நமக்கு இருக்க வேண்டும்.